எர்த் இல்லாத வீட்டில் எர்த் அடிப்பது

கடந்த ஐப்பசியில் குன்னூர் வீட்டிற்குப் போயிருந்தபோது, சமையலறைக் குழாயைத் திறப்பதற்கு முன் அம்மா ரப்பர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொள்வதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். "கீசர் போட்டிருக்கிறப்ப பைப்புல லேசா எர்த் அடிக்குதுடா, செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியறதில்ல" என்று, பால் வாங்கி வைத்ததைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். எத்தனை நாளாக என்றதற்கு, மழை பிடித்ததிலிருந்து என்றார். நான் உடனே போய்க் கீசரின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட்டு, இனி நான் சொல்லும்வரை அடுப்பில்தான் வெந்நீர் என்று சொன்னேன்.

நம் பக்கத்தில் "ஷாக் அடிக்கிறது" என்பதைவிடச் சற்று இலேசான, பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றைக் குறிக்கத்தான் "எர்த் அடிக்கிறது" என்ற சொல் புழங்குகிறது. அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம். எர்த் ஒழுங்காக இருக்கும் வீட்டில் குழாய் யாரையும் அடிக்காது. கீசருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பியின் மின்காப்பு கெட்டு, மின்னோட்டம் தொட்டியின் இரும்பு உடலுக்குக் கசியும்போது, அது தரைக்குப் போய்ச் சேரத் தடையில்லாத வழி ஒன்று எர்த் கம்பியாக இருந்தால் அதன் வழியே போய்விடும். அந்தக் கம்பி இல்லாவிட்டால் கசிவு இரும்புக் குழாய்களில் தேங்கி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் கை வைத்ததும் அவருடைய உடலே அந்த வழியாகிவிடும். அம்மாவுக்கு விரல் நுனியில் சுர்ரென்று தெரிந்தது கசிவு சிறியதாக இருந்ததால்தான். அது அப்படியே சிறியதாக இருந்துவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

நான் கோவையில் ஒரு நூற்பாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே ஒவ்வொரு இயந்திரத்தின் எர்த்தையும் ஆண்டுதோறும் அளந்து ஏட்டில் எழுதியிருக்கிறேன். அம்மா தனியாக இருக்கும் வீட்டின் எர்த்தை ஒருமுறைகூட அளந்ததில்லை. அது இப்போதும் உறுத்துகிறது. மலையில் எங்கள் வீட்டைப் போன்ற பழைய வீடுகள் நிறைய இருக்கின்றன. பலவற்றில் பிள்ளைகள் கீழே இறங்கிவிட, பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அதனால் பார்த்ததையும் அளந்ததையும் விடாமல் எழுதுகிறேன்.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் வந்தது. குந்தாவின் முதல் மின் நிலையங்கள் 1960-ஐ ஒட்டி வந்தன. எங்கள் வீடு அந்த இரண்டுக்கும் நடுவில், 1957-இல் தாத்தா கட்டியது. கருங்கல் சுவர், தகரக் கூரை, கூரைக்குக் கீழே பலகை மச்சு. இப்படிப்பட்ட வீட்டில் மின்கம்பிகள் ஒரே காலத்தில் போடப்பட்டவையாக இருப்பதில்லை. முன்னறையிலும் இரண்டு படுக்கையறைகளிலும் தாத்தா காலத்து ரப்பர் உறைக் கம்பி, தேக்குப் பட்டியின் மேல் தகரக் கிளிப் வைத்து அடிக்கப்பட்டு, மச்சுக்கு மேலே ஓடுகிறது. எழுபதுகளில் பின்பக்கம் ஓர் அறை சேர்த்தபோது, செம்பு விலையேறிக் கிடந்த அந்தக் காலத்து வழக்கப்படி, அலுமினியக் கம்பி போட்டிருக்கிறார்கள். சமையலறையும் குளியலறையும் தொண்ணூறுகளில் இடித்துக் கட்டப்பட்டவை. அங்கே மட்டும் பி.வி.சி. குழாய்க்குள் செம்புக் கம்பி. ஆனால் அறைக்குள் நின்று பார்ப்பவருக்கு இந்த மூன்று தலைமுறையும் தெரியாது. எல்லாச் சுவர்களிலும் ஒரே மாதிரி வெள்ளை நிற சுவிட்ச் பாக்ஸ், ஒரே மாதிரி மூன்று துளை சாக்கெட். சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளையடித்தபோது, பழைய கறுப்பு பேக்லைட் சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதியவை மாட்டியிருந்தார்கள்.

உரிமம் பெற்ற மின்கம்பியாளர் ஒருவர், வெலிங்டன் பக்கத்தில் பெரும்பாலான பழைய வீடுகளின் மச்சுக்குள் தவழ்ந்து போய்வந்த அனுபவம் உள்ளவர், துணைக்கு வந்தார். எனக்குத் தொழில் தெரிந்திருந்தும் தனியாகச் செய்யவில்லை. இந்த வேலையில் ஒருவர் மெயின் அருகே நிற்பது அவசியம். மெயினை அணைத்த பிறகும், டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து எரியவில்லை என்று பார்த்து, மறுபடி முதல் இடத்தில் வைத்துப் பார்த்தோம். டெஸ்டருக்குள் இருக்கும் சிறு விளக்கு நடுவில் செத்துப்போயிருந்தால், "எரியவில்லை" என்பதற்குப் பொருளே இல்லை.

வீட்டில் மொத்தம் பதினைந்து சாக்கெட்டுகள். நேரே நின்று பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலப்பக்கம் மின்சாரம் வரும் பேஸ், இடப்பக்கம் அது திரும்பிப் போகும் நியூட்ரல் என்று இருக்க வேண்டும். இரண்டு சாக்கெட்டுகளில் வலமும் இடமும் மாறிக் கிடந்தன. கருவி ஓடும், ஆனால் கருவியிலுள்ள சுவிட்ச் நியூட்ரலை மட்டும் வெட்டுவதால், அணைத்த பிறகும் கருவிக்குள் 230 வோல்ட் நிற்கும். இது எளிதில் திருத்தக்கூடிய பிழை. மூன்றாவது துளைதான் எங்களை இரண்டு நாள் உட்கார வைத்தது.

ஆறு சாக்கெட்டுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் எதுவுமே இல்லை. ரப்பர் உறைக் கம்பியில் இருப்பதே இரண்டு இழைகள்தான். தாத்தா காலத்தில் இரண்டு பின் பிளக்கில் ரேடியோவும் மேசை விளக்கும் மட்டும் ஓடியதால் மூன்றாவது தேவைப்படவில்லை. பலகையை மாற்றியவர்கள் முகத்தை மாற்றினார்களே தவிர, பின்னால் ஒரு கம்பியைக்கூட இழுக்கவில்லை. குளியலறையில் கீசர் பாயிண்டில் பச்சைக் கம்பி வந்திருந்தது. ஆனால் திருகுக்குள் சேராமல், முனை வெட்டப்பட்டுப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. அம்மாவைத் தொட்டது அந்த ஒரு திருகு.

இன்னும் மூன்று சாக்கெட்டுகளில் கண்டதுதான் எனக்கு உண்மையிலேயே அச்சம் தந்தது. எர்த் முனையிலிருந்து பக்கத்திலிருக்கும் நியூட்ரல் முனைக்கு இரண்டு அங்குலக் கம்பி ஒன்றைப் பாலம்போல் போட்டிருந்தார்கள். இப்படிச் செய்தால் டெஸ்ட் விளக்கு பளிச்சென்று எரியும்; மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் காட்டும்; வீட்டுக்காரர் திருப்தியாகக் காசு கொடுத்து அனுப்புவார். ஆனால் அந்த நியூட்ரல் எங்காவது ஓரிடத்தில் தளர்ந்தோ அறுந்தோ போனால், கருவிக்குள் புகுந்த பேஸ் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தப் பாலத்தின் வழியாகக் கருவியின் இரும்பு உடலுக்கே வந்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் பழுதே இல்லாவிட்டாலும் அதன் கைப்பிடியில் முழு மின்னழுத்தம் நிற்கும். பாதுகாப்பிற்காக வைத்த மூன்றாவது பின்னே ஆபத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. எர்த் இல்லாத சாக்கெட்டைவிட இது மோசமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வெளியிலிருந்து இதை அறிய ஒரு குறிப்பு உண்டு. அதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டி போன்ற கனமான கருவி ஒன்றை ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால், உண்மையான எர்த் இருக்கும் இடத்தில் ஓரிரு வோல்ட் காட்டும். பாலம் போட்ட இடத்தில் சுழியத்திலேயே நிற்கும். ஆனாலும் பெட்டியைத் திறந்து கண்ணால் பார்ப்பதுதான் முடிவான சோதனை.

மீதி ஐந்தில் எர்த் கம்பி முறையாக இருந்தது. அந்தக் கம்பி எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தோம். அது சமையலறைச் சுவருக்கு வெளியே இறங்கி, பின்னாளில் போட்ட சிமெண்டு தரைக்குள் மறைந்துபோயிருந்தது. தாத்தா காலத்து எர்த் குழி அங்கேதான், பாத்திரம் கழுவும் நீர் ஓடும் இடத்தில், மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும் என்று எண்ணி வைக்கப்பட்டிருந்தது. தரையை உடைத்துப் பார்த்தபோது கம்பி துருவேறி நூலாகியிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, குழியில் புதைத்திருந்த எர்த் தகட்டின்மேல் நேரடியாக எர்த் டெஸ்டர் வைத்து அளந்ததில் தடை 38 ஓம் வந்தது.

இந்த 38 ஓமை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கருவியின் உடலில் முழு பேஸும் தொட்டுவிட்டால், 230 வோல்ட்டை 38-ஆல் வகுக்க, ஏறத்தாழ 6 ஆம்பியர்தான் தரைக்குப் போக முடியும். கீசருக்கு அப்போது வைத்திருந்தது 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது பாரம் மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச். அது 6 ஆம்பியரை வழக்கமான பாரமாகவே கருதிப் பேசாமல் இருக்கும். குழாயோ முழு மின்னழுத்தத்தில் நாள் முழுவதும் நிற்கும். எர்த் இருக்கிறது, எம்சிபி இருக்கிறது, இரண்டும் வேலை செய்கின்றன, ஆனாலும் பாதுகாப்பு இல்லை. டெஸ்ட் விளக்கும் இதைக் காட்டிக்கொடுக்காது. நூறு வாட் குண்டு பல்பின் தடை 529 ஓம். அதோடு 38 ஓம் சேர்ந்தால் பல்புக்கு வெறும் பதினைந்து வோல்ட்தான் குறையும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. "பல்பு நல்லா எரியுது, எர்த் நல்லா இருக்கு" என்ற பேச்சை இனிமேல் யாரிடம் கேட்டாலும் நம்பமாட்டேன்.

நீலகிரி சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆன மலை. மேலே செம்மண் போர்வை சில இடங்களில் ஆழமாகவும் சில இடங்களில் முழங்கால் அளவிலும் இருக்கிறது. எர்த் குழாய்க்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3043 கேட்பது இரண்டரை மீட்டர் நீளம். முதலில் தோண்டிய இடத்தில் ஐந்தடியிலேயே பாறை முட்டியது. சரிவில் கீழே, தேயிலைச் செடிகள் தொடங்கும் வரப்பை ஒட்டி மண் கிடைத்தது. அங்கே இரண்டு ஜி.ஐ. குழாய்களை மூன்று மீட்டர் இடைவெளியில் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி, இரண்டையும் பட்டையால் இணைத்தோம். இடைவெளி குழாயின் நீளத்தைவிடக் குறைந்தால் இரண்டு குழாய்க்குரிய பலன் கிடைக்காது. அளந்ததில் 9 ஓம் வந்தது. ஆனால் அது மழைக்கால அளவு. மலையில் மண் நன்றாகக் காய்வது மாசி, பங்குனியில்தான். அப்போது மறுபடி அளந்தபோது 14 ஓம் ஆகியிருந்தது. எர்த்தை மழை விட்ட மறுநாள் அளந்து மகிழ்வதில் பயனில்லை.

9 ஓம் என்றாலும் கணக்கு 25 ஆம்பியரில்தான் நிற்கிறது. 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது. பாறை நிலத்தில் எம்சிபியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. கசிவைக் கண்டு மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி என்னும் சுவிட்ச் அங்கேதான் தேவைப்படுகிறது. அது பேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இருக்கின்றனவா என்பதை மட்டும் பார்க்கிறது; 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்குக்குள் வெட்டிவிட வேண்டும். பழைய 38 ஓம் தகட்டிலேயேகூட, 30 மில்லி ஆம்பியர் கசிவில் குழாயில் எழுவது ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். அப்படியானால் எர்த்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். எர்த் இல்லாத வீட்டில் ஆர்சிசிபி விழ வேண்டுமானால், அந்தக் கசிவு யாராவது ஒருவருடைய உடல் வழியாகப் போயாக வேண்டும். எர்த் இருந்தால் ஒருவரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் இரண்டு கைகளால் தொட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது என்பதையும், கம்பி தாங்காத பாரம் போனாலும் அது கண்டுகொள்ளாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கம்பி தாங்காத பாரம் என்பது எங்கள் வீட்டில் வெறும் பேச்சாக இருக்கவில்லை. பழைய கிட்கேட் பியூஸ்களை எடுத்துவிட்டு எம்சிபி மாட்டியவர், மார்கழியில் அடிக்கடி விழுகிறது என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு, மூன்று அறைகளுக்கும் சேர்த்து 32 ஆம்பியர் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார். பின்னால் இருப்பது 1/18 என்று பழைய ஆட்கள் சொல்லும் கம்பி; சதுர மில்லிமீட்டரில் 1.2-க்கும் குறைவு. 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியரை ஒரு மணி நேரத்திற்கு மேல் விடலாம் என்பதே அதன் தரக்குறியீடு அனுமதிக்கும் எல்லை. மூன்று அறைகளிலும் 2000 வாட் ஹீட்டர் போட்டால் 26 ஆம்பியர். எம்சிபி அசையாது, அறுபது ஆண்டு ரப்பர் உறை, எலி ஓடும் மச்சில், தேக்குப் பட்டியின் மேல் சூடேறிக்கொண்டே இருக்கும். முன்பு விழுந்துகொண்டிருந்த எம்சிபி பழுதானது அல்ல. அந்த வீட்டில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே பொருள் அதுதான். நூல் பருமனுள்ள 0.2 மில்லிமீட்டர் பியூஸ் கம்பி 5 ஆம்பியருக்கு என்று கணக்குப் பார்த்துப் போட்ட தாத்தா காலத்தில், பியூஸ் போனால் காரணம் தேடினார்கள்.

தாத்தா காலத்து மெயினிலும் ஒரு குறை இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் பேஸுக்கு ஒரு பியூஸ், நியூட்ரலுக்கு ஒரு பியூஸ். நியூட்ரலில் தனியாகப் பியூஸோ சுவிட்சோ இருக்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 32-ஆம் விதி சொல்லியிருந்தும், பழக்கம் போகவில்லை. நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் வீடு இருண்டுவிடும். கரண்ட் இல்லை என்று நினைத்து ஒருவர் ஹோல்டருக்குள் கை விட்டால் அங்கே பேஸ் காத்துக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, இரண்டு கம்பியையும் ஒருசேர வெட்டும் ஐசோலேட்டர் வைத்தோம்.

புதிய கம்பி இழுத்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குள் ரப்பரும் அலுமினியமும் முழுவதும் போயின. விளக்குகளுக்கு 1.5, சாக்கெட்டுகளுக்கு 2.5, கீசருக்குத் தனி வழியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு. எல்லாவற்றோடும் பச்சைக் கம்பி. எம்சிபி முறையே 6, 16, 20. கம்பியின் தடிமனைப் பார்த்துத்தான் எம்சிபியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கருவிகளைப் பார்த்து அல்ல.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் விடியற்காலை ஆர்சிசிபி விழுந்தது. தூக்கிவிட்டால் நின்றது, மறுநாள் மூடுபனியில் மீண்டும் விழுந்தது. பார்க்க வந்த மாமா ஒருவர், "அம்மாவுக்கு ராத்திரியில இருட்டில தொந்தரவு, அதை மட்டும் தாண்டி ஒரு வயர் போட்டுருப்பா" என்றார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் பல வீடுகளில் இந்த இடத்தில்தான் பாதுகாப்பு முடிந்துபோகிறது. கருவிகளைக் கழற்றி, பல்புகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வழியையும் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரில் பார்த்தோம். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. நண்பகலில் எல்லாம் சரியாக இருந்தன. துணைக்கு வந்த மின்கம்பியாளர் அண்ணன்தான், "தம்பி, பனி இறங்கினப்புறம் பார்க்கணும்" என்றார். காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது வாசல் விளக்கின் வழி 10,000 ஓமுக்கு இறங்கியிருந்தது. 230 வோல்ட்டில் அது 23 மில்லி ஆம்பியர். பாதி அளவான 15-க்கு மேல் போனால் ஆர்சிசிபி விழலாம். தகரக் கூரையின் விளிம்பில் கம்பி உரசி உறை தேய்ந்திருந்ததும், பனி நீர் தகரத்தில் வழியும்போது மட்டும் கசிந்ததும் அப்போதுதான் தெரிந்தன. அந்தக் கூரையைத் துடைக்க ஏணி வைத்து ஏறுபவர் யாராக இருந்தாலும் ஈரக் கையோடுதான் தகரத்தைப் பிடிப்பார். மாமாவை அழைத்துப்போய் அந்த இடத்தைக் காட்டினேன். அவர் தன் வீட்டுக் கூரையையும் பார்க்கச் சொன்னார்.

ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை அம்மா ஒவ்வொரு அமாவாசையன்றும் அழுத்திப் பார்க்கிறார். அது கருவியின் இயக்கத்தை மட்டும் காட்டுமே தவிர எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதால், ஒவ்வொரு பங்குனியிலும் நான் டெஸ்டரோடு வருவதாக ஏற்பாடு. வீட்டின் பின்னால் விறகு அறைக்குப் போகும் வழி மட்டும் இன்னும் பழைய ரப்பர் கம்பியாகவே இருக்கிறது. மழை விட்டதும் அதையும் மாற்ற வேண்டும். அதுவரை அங்கே விளக்கு எரியக் கூடாது என்பதற்காக, அதன் பியூஸ் கேரியரைக் கழற்றி என்னோடு கோவைக்கு எடுத்து வந்திருக்கிறேன்.